அடுப்பங்கரை இல்லாத வீடு



ஸ்டுட்கார்ட்டில் வீடு மாறுகிறோம். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. இந்த வாரம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஆணி அடித்த ஓட்டைகளை அடைக்க வேண்டும், நிலவறையைக் கூட்டிவிட வேண்டும், சாவிகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வரி: சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகவும்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது, அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஜெர்மனியில் வாடகைக்கு வீடு பிடித்தால், சமையலறை என்ற பெயரில் பெரும்பாலும் ஒரு வெற்று அறைதான் கிடைக்கும். சுவரில் தண்ணீர்க் குழாயின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். கழிவுநீர் போக ஒரு துளை, மின் அடுப்புக்கு ஒரு இணைப்புப் பெட்டி, அவ்வளவுதான். மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, தண்ணீர் திறக்கும் குழாய், அலமாரி, அடுப்பு எல்லாம் குடிவருகிறவர் தன் காசில் வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். அடுப்பை நாமே பிளக்கில் செருகிவிடவும் முடியாது. மூன்று ஃபேஸ் மின்சாரம் என்பதால் எலெக்ட்ரீஷியன் வந்து இணைக்க வேண்டும். சமையலறை அமைத்துக் கொடுக்கும் கடமை பொதுவாக வீட்டுக்காரருக்குச் சட்டப்படி கிடையாது. அடுத்து வருகிறவர் விரும்பினால் அவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். அதிலும் பொருளின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத விலை வைத்தால் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. பழைய அலமாரிக்கு என்ன விலை சொல்லலாம் என்பது வரை யோசித்த சட்டம், குடிவந்த அன்று ராத்திரி அந்தக் குடும்பம் எதில் சமைக்கும் என்று யோசிக்கவில்லை.

எங்களுக்கு அடுத்து வருகிறவர்கள் சொந்தச் சமையலறையோடு வருகிறார்களாம். ஆகவே நானும் கணவரும் மண்டியிட்டு உட்கார்ந்து திருகுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறோம். தொட்டிக்கு அடியில் வாளி வைத்து வளைகுழாயைப் பிரித்தால் இத்தனை வருஷத்துக் கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் வந்து விழுகின்றன. இந்தச் சுவருக்கென்று அளந்து அறுத்த மேடைப் பலகை புது வீட்டுச் சுவரைவிட ஒரு சாண் நீளம். மறுபடி அறுக்க வேண்டும்.

இத்தனைக்கும், சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த நாடுதான். 1926-ல் பிராங்க்ஃபர்ட் நகராட்சி கட்டிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஆஸ்திரியாக்காரர், பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அந்தச் சின்ன இடத்துக்குள் மேடையும் தொட்டியும் அரிசி பருப்பு போட்டுவைக்கும் இழுப்பறைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வேலைக்குப் போய் வரும் பெண்ணின் கால்வலியை நினைத்துப் போட்ட திட்டம். கிட்டத்தட்ட 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். செலவை வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை?

நாமும் அடுப்பைத் தூக்கிக்கொண்டுதானே போகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். போகிறோம்; கேஸ் அடுப்பும் சிலிண்டரும் நம்முடையவை. ஆனால் கடப்பா கல் மேடையும் தொட்டியும் வீட்டோடு சேர்ந்தவை. அட்வான்ஸ் விஷயத்தில் ஜெர்மனி மேல்தான், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னை அருகே எங்கள் ஊரான நூம்பலில் பத்து மாதம் கேட்கிற வீட்டுக்காரர்கூட மேடை இல்லாத வீட்டைக் காட்டக் கூச்சப்படுவார்.

நூம்பலில் நாங்கள் வீடு மாறும்போதெல்லாம் அம்மா ஆடியும் மார்கழியும் கழியட்டும் என்று காத்திருப்பார். வேலப்பன்சாவடி மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பிஸ்கட் பெட்டிகள் சொல்லிவைத்து வாங்குவோம். டம்ளர்களைச் செய்தித்தாளிலும் மிக்சியைப் பழைய புடவையிலும் சுற்றுவோம். ‘குட்டி யானை’ என்கிற சரக்கு வண்டி வந்து நிற்பது அப்புறம்தான். விடிவதற்குள் அம்மா காமாட்சி விளக்கு, சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, துவரம்பருப்போடு புது வீட்டுக்குள் வலது காலை வைத்திருப்பார். மேடையில் பால் பொங்கியதும் முதல் டம்ளர் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்குப் போகும். “நல்லாப் பொங்குச்சா?” என்று கேட்டுத்தான் அவர் வாங்கிக்கொள்வார். அன்று மத்தியானமே அந்த வீட்டில் ரசம் கொதிக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நாகரிகமான குடிபுகல் எந்த நாட்டிலும் இல்லை.

புது வீட்டில் பால் காய்ச்ச வழியில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். “பித்தளைச் சொம்பு கொண்டு போயிருக்கியே, அதுலயே காய்ச்சுடி” என்றார். இண்டக்‌ஷன் அடுப்பில் பித்தளை சூடாகாது, காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும், அடுப்பை வைக்கவும் மேடை இல்லை என்றேன். “மேடையே இல்லாம எதுக்குடி வாடகை வாங்கறான்?”

அம்மாவின் கேள்விக்கு இந்த ஊரில் யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. பித்தளையும் சூடாகும் சாதாரண மின்தட்டு அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜன்னல் திண்ணையில் வைத்து, கிழக்குப் பார்த்து, அம்மாவின் சொம்பிலேயே பால் பொங்கும். எதிர்வீட்டு ஜெர்மன் பாட்டிக்கும் ஒரு டம்ளர் கொடுக்கப் போகிறேன்.

நூம்பலிலும் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அங்கே வாடகைக்கு விட வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடுலர் கிச்சன் பெரிய செலவென்றால் விட்டுவிடுங்கள். ஒரு கல் மேடையும் ஒரு தொட்டியும் போதும். அது இல்லாமல் மட்டும் சாவியைக் கொடுக்காதீர்கள்.