தொலைநோக்கிக்குக் கழுத்துத்தான் முக்கியம்

 

எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் பறவை பார்க்கும் ஸ்பொட்டிங் ஸ்கோப் ஒன்றை அன்பளிப்புச் செய்ததிலிருந்து ஒரே கேள்வி: "சேர், இதைப் பூட்டுறதுக்கு மலிவா எந்த ட்ரைபொட் நல்லம்?" கால்கள் ஆடாமல் நின்றால் போதும், காசை மேலே உள்ள ஹெட்டுக்குக் கொடுங்கள் என்பதே என் பதில்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 60 மடங்கு பெருக்கத்தில் ஸ்கோப்புக்குள் தெரிவது ஏறத்தாழ ஒரு பாகைதான். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் அது 17 மீற்றர் அகலம். ஹெட் ஒரு பாகை சரிந்தால் பறவை போய்விடும், தண்ணீர்தான் மிஞ்சும்.

சித்தாண்டியில் வாவியோரச் சதுப்புக்கும் வயலுக்கும் மாரியோடு வலசைப் பறவைகள் வருகின்றன. உள்ளான் கூட்டத்தில் ஒன்றுக்கு ஊசிபோல நேரான சொண்டு. பக்கத்தில் நிற்பதற்குச் சற்றுத் தடித்து மேல்நோக்கி வளைந்த சொண்டு. இரண்டும் வேறு வேறு இனம். அந்த வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் காட்சி அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் வரிசையில் நிற்கும் 35ஆவது பிள்ளைக்கும் நிற்க வேண்டும். கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் எட்டினால்தான் அது கற்பித்தல் சாதனம் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்தோமே!

ஹெட் பொதுவாக மூன்று வகை. போல் ஹெட் போட்டோ எடுக்க அருமை. ஆனால் பிடியைத் தளர்த்தியதும் எல்லாப் பக்கமும் விழும். மூன்று பிடி உள்ள சாதாரண ஹெட் மலிவு, ஆனால் பறக்கும் பறவையைத் தொடர முடியாது. நமக்குத் தேவை இடம் வலம், மேல் கீழ் என்ற இரண்டு அசைவு மட்டும். அதற்குப் பொருத்தமானது வீடியோக்காரர்களின் புளூயிட் ஹெட். உள்ளே பிசுபிசுப்பான திரவமோ கிறீஸோ இருப்பதால் மெதுவாகத் திருப்பினால் வழிவிடும், சடுதியாக இழுத்தால் தடுக்கும். பிறை, சந்திரன் பார்க்கவும் இதுவே நல்லது. பூமி சுழல்வதால் 60 மடங்கில் சந்திரன் நான்கு நிமிடத்தில் காட்சியைக் கடந்துவிடும், மெல்ல மெல்லத் தொடர வேண்டும்.

ஸ்கோப்பின் எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் ஹெட்டை எடுங்கள். எங்களுடையது 1.2 கிலோ. பென்ரோ எஸ்2 2.5 கிலோவும், சிருய் விஏ-5 3 கிலோவும் தாங்கும். 80 மில்லிமீற்றர் வில்லை உள்ள பெரிய ஸ்கோப் என்றால் 4 கிலோ தாங்கும் பென்ரோ எஸ்4ஐப் பாருங்கள்.

புதிதுக்குக் காசு காணாதென்றால் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிமாரைக் கேளுங்கள். கிம்பலுக்கு மாறியவர்களிடம் பழைய புளூயிட் ஹெட் மூலையில் கிடக்கும். வாங்கப் போகும்போது ஸ்கோப்பையும் கொண்டுபோய் இவற்றைப் பாருங்கள்:

1. தூரத்துக் கம்பமொன்றின் உச்சியைக் காட்சியின் நடுவில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். உச்சி கீழே இறங்கினால் வேண்டாம்.
2. மிக மெதுவாகத் திருப்புங்கள். சிக்கிச் சிக்கி நகர்ந்தால் வேண்டாம்.
3. ஸ்கோப்பைப் பூட்டும் தட்டு கூடவே இருக்கிறதா, முன்பின் நகர்த்திச் சமநிலைப்படுத்தலாமா என்று பாருங்கள்.
4. காலில் உள்ள ஸ்குரூ ஹெட்டின் துளைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம் என இரண்டு அளவு உண்டு.

வயலுக்கும் வாவிக்கும் கூலிக்கும் போகும் பெற்றோர் சேர்த்துத் தந்த காசு இது. ஒரு ரூபாவும் வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவும் விளக்கமாக எழுதுகிறேன்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. நம் வாவிக்கு வருபவற்றை நம் பிள்ளைகளே இனம் கண்டு எண்ணும் நாள் வர வேண்டும். இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் பாவிக்காத புளூயிட் ஹெட் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். விலை பேசிக்கொள்வோம்.