விருதுநகரின் எண்ணெய்க் கல்லருகே

மாலை நான்கு மணிக்கு விருதுநகர் புரோட்டாக் கடைக்குப் போனால் சாப்பிட ஒன்றும் கிடைக்காது. வேலையைப் பார்க்கலாம். அதற்காகவே அந்த நேரத்தில் போனேன். மதியம் பிசைந்த மைதா மாவு ஈரத்துணிக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தது. பின்கட்டில் ஓர் அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்காரும் முதலாளியே வாழை இலைகளைத் துடைத்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மாவை உருண்டை பிடிக்கத் தொடங்கினார். எடை பார்க்கவில்லை, உருண்டைகள் ஒரே அளவில் விழுந்தன. ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவி மறுபடியும் ஊற வைத்தார். மைதாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதம் பின்னி இறுகும். உடனே வீசினால் மாவு சுருங்கும், இல்லையென்றால் கிழியும். ஊறி இளகிய பிறகு வீசினால், மேடைக் கல்லின் புள்ளிகள் தெரிகிற அளவுக்கு மெலிந்து விரியும். அதை மடித்துச் சுருட்டினால் அடுக்கு அடுக்காகக் காற்று நிற்கும். “மழை நாள்ல தண்ணியக் கொறச்சு ஊத்தணும்ணே. இல்லாட்டி மாவு கையிலயே ஒட்டிக்கிரும்” என்றார் மாஸ்டர்.

விருதுநகர்ப் புரோட்டாவுக்குத் தனி அடையாளம் தருவது இதற்கு அடுத்த கட்டம். மற்ற ஊர்களில் தட்டையான கல்லில் எண்ணெய் தெளித்துச் சுடுவார்கள். இங்கே நடுவில் குழிந்த பெரிய கல்; குழியில் எண்ணெய் தேங்கி நிற்கும். சிறிய புரோட்டாக்கள் அந்த எண்ணெயில் கிடந்து பொரியும். ஓரம் சிவந்ததும் கரண்டியால் மேட்டுக்குத் தள்ளி எண்ணெய் வடிய விடுவார்கள். “சூடு கொறஞ்சா புரோட்டா எண்ணெயக் குடிச்சிரும். கூடுனா மேல கருகி உள்ள மாவா நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே அடுப்பின் தீயைத் தணித்தார். அனல் முகத்தில் அடிக்கிற அந்த இடத்தில்தான் இரவு கடை அடைக்கும் வரை அவர் நிற்கிறார்.

சால்னாவின் பக்குவம் பின்கட்டில். சோம்பு, பட்டை, கிராம்பு, தேங்காய், மிளகாய் வத்தல் எல்லாம் அரைத்துக் கொதிக்க வைத்திருந்தார் அந்த அக்கா. கெட்டியாக இருந்தால் சால்னா ஆகாது. மொறுமொறுப்பாக நொறுக்கிய புரோட்டாவுக்குள் இறங்குகிற நீர்ப்பு வேண்டும். “தெளிவாத் தெரியணும்யா, ஆனா காரம் நிக்கணும்” என்றார். வத்தல், பருப்பு, எண்ணெய் வியாபாரத்தால் வளர்ந்த ஊர் இது. நல்ல வத்தல் எது என்பது இங்கே சமையற்கட்டு வரைக்கும் தெரிந்த சங்கதி.

ஏழு மணிக்குள் பெஞ்சுகள் நிறைந்தன. மார்க்கெட்டில் வேலை முடிந்து வந்தவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், பார்சலுக்குத் தூக்குவாளியோடு நின்றவர்கள். ஒரு பெரியவர் முதல் வாய் சாப்பிட்டதும் கல்லாவைப் பார்த்து, “இன்னைக்கு உப்பு ஒரு கல் கம்மிப்பா” என்றார். முதலாளி எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சால்னாவை ருசி பார்த்தார், உப்பு சேர்ந்தது. எனக்கு அந்த மாலையின் மிக முக்கியமான காட்சி இதுதான்.

இந்தக் கடையின் மைதா வெளியூர்க் கோதுமையில் அரைத்தது. மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று வீசப் பழகும் இளைஞர் பீகாரிலிருந்து வந்தவர். “இன்னும் வீசு, ஓரத்தப் பிடி” என்ற சொற்களில்தான் அவருக்குத் தமிழும் தொழிலும் சேர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அப்படியென்றால் இதில் உள்ளூர் எது? உப்பு குறைந்தால் கேட்கிற உரிமையுள்ள ஊர்க்காரரும், கேட்டதும் எழுந்து போகிற முதலாளியும், அந்தக் கட்டுப்பாட்டில் பழகிய கைகளும்தான். வேறு நகரத்தில் இருக்கும் தலைமை அலுவலகம் வகுத்த அளவில் சமைக்கும் கடையில், பெரியவரின் குரல் கேட்க ஆளில்லை.

நம் உணவுகளுக்கு அங்கீகாரம் கிடைத்துவருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு வந்தது. நல்ல விஷயம். ஆனால் அவை டப்பாவில் அடைத்து ஊர் தாண்டிப் போகக்கூடியவை. எண்ணெய்ப் புரோட்டா கல்லிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் தன் மொறுமொறுப்பை இழந்துவிடும். அதைச் சாப்பிட ஊருக்கு வந்தாக வேண்டும். சுற்றுலாவுக்கு இதைவிட வலுவான காரணம் வேறென்ன வேண்டும்? மதுரையிலிருந்து தெற்கே போகும் பயணிகள் பலர் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். காமராசர் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒரு வேளை இங்கே உட்கார வைத்தால், அந்தப் பணம் வத்தல் கடைக்கும் இலைக்காரருக்கும் வெங்காயம் உரிக்கும் அக்காவுக்கும் போகும்.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சமைப்பவர்களும் அங்கே கூடி உண்ணும் மக்களும் சேர்ந்ததையே யுனெஸ்கோ மரபு என்று ஏற்றது. ஹைதராபாத் 2019-ல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரமானது. 2023-ல், நாடெங்கும் 100 உணவு வீதிகளை வீதிக்கு ஒரு கோடி ரூபாய் உதவியில் மேம்படுத்த ஒன்றிய அரசு திட்டம் அறிவித்தது. தரையும் விளக்கும் கழிப்பறையும் தேவைதான். ஆனால் கல்லருகே நிற்பவரை விட்டுவிட்டு வீதியை மட்டும் அழகாக்கினால் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

நான் கேட்பவை எளியவை. அனலை வெளியேற்றும் புகைபோக்கி வைக்கச் சிறு கடைகளுக்குக் கடனுதவி வேண்டும். தொழில் பழகும் காலத்தில் இளைஞர்களுக்கு உதவித்தொகையும், மாஸ்டர்களுக்கு வார விடுமுறையும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. அதைச் சோதிக்கும் கருவியைக் கடைகளுக்குப் பொதுவில் கொடுத்து, கழிந்த எண்ணெயை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும். தண்டிக்க மட்டும் வருகிற அதிகாரியால் எந்தத் தொழிலும் வளர்ந்ததில்லை.

சுற்றுலாத் துறையின் கையேட்டில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கடைகளும் இடம்பெறட்டும். அங்கே வருகிற வெளியூர்க்காரர் ஊர்க்காரரோடு அதே பெஞ்சில், அதே விலையில், அதே சால்னாவைச் சாப்பிடட்டும். அவருக்காகக் காரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. விருந்தாளிக்கென்று தனி ருசி செய்யத் தொடங்கும் கடை, முதலில் உப்பு கேட்கும் பெரியவரை இழக்கும். பிறகு விருந்தாளி தேடி வந்ததையும் இழக்கும்.