மானச கங்கோத்ரியில் ஒரு முற்பகல்

மைசூர் என்றவுடன் அன்பர்கள் மனத்தில் அரண்மனையும் சாமுண்டி மலையும் பிருந்தாவனத்து நீரூற்றுகளுமே தோன்றும். சென்ற திங்கள் நாம் அந்நகர் சென்றது அவற்றைக் காண்பதற்கன்று. நாற்பது ஆண்டுகளாக அங்கு வாழும் நம் சிற்றன்னையாரின் மகன், பேச்சு வாராத தம் ஐந்து வயதுப் பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லத் துணை வேண்டினார், அதற்காகவே சென்றோம்.

குக்கரஹள்ளி ஏரியை அடுத்து மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானச கங்கோத்ரி அமைந்துள்ளது. மனமாகிய கங்கை ஊற்றெடுக்கும் இடம் என்னும் பொருள்படும் அப்பெயரைச் சூட்டியவர் கவிஞர் குவெம்பு. 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிலையம் அப்பகுதியிலேயே உள்ளது. பேசத் தாமதிக்கும் குழந்தைகளும், ஆட்டிசம் உடைய சிறாரும், பக்கவாதத்தால் சொல்லிழந்த முதியோரும் அங்கு வருகின்றனர்.

முன்கூடத்தில் பல மொழிகள் காதில் விழுந்தன. அருகிருந்த தமிழ்த்தாய் ஒருவர், "குக்கர் சத்தம் கேட்டால் உங்கள் பிள்ளையும் காதைப் பொத்திக்கொள்வானா, அம்மா?" என்று வினவினார். நம் தம்பி மனைவியாரின் முகம் மலர்ந்தது. சிறிது நேரத்தில் இருவரும் நெடுநாள் பழகியவர்போல் உரையாடலாயினர். 'நம் வீட்டில் மட்டுமன்று' என்னும் அந்த அறிவே பாதிச் சுமையை இறக்கிவிட்டது.

வீட்டிலோ மற்றொரு துயரம். சிற்றன்னையார் மறதி நோயால் வருந்துகிறார். காய்கறிக்காரரோடு சரளமாகப் பேசிய கன்னடம் முற்றும் மறைந்து, இளமைத் தமிழே எஞ்சியிருக்கிறது. பின்னர்க் கற்ற மொழி முதலில் நழுவுதல் இந்நோயில் காணப்படுவதே. கன்னடம் மட்டும் அறிந்த பணிப்பெண் அருகில் வந்தால் அஞ்சுகிறார். அந்தி சாய்ந்ததும் துணிமூட்டையுடன் வாயிலில் நின்று, "கும்பகோணம் வண்டிக்கு நேரமாயிற்று" என்கிறார். முன்பெல்லாம் மகன் மறுத்துரைப்பார், அழுகையே மிஞ்சும். இப்போது மருமகள், "வண்டி வரட்டும், அத்தை, அதுவரை காபி குடிப்போம்" என்கிறார். மூட்டை கீழே இறங்குகிறது. இவ்வுபாயத்தைத் தாமே கண்டறிய அவருக்கு ஈராண்டு ஆயிற்று. அந்த ஈராண்டும் நாணத்தால் சங்கப் பொங்கல் விழாவுக்கும் அவர்கள் வரவில்லை!

ஒளித்துவைத்தல் நோயினும் கொடிது. வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளை குழம்புவான் என்று சிலர் அச்சுறுத்துகின்றனர். இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தீங்கிழைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. உரிய சான்று பெற்ற மாணவர் தேர்வில் கூடுதல் நேரம் பெற வழியுண்டு. மறதி நோயாளரின் குடும்பங்களுக்காக 1992-இல் கேரளத்தில் தோன்றிய அல்சைமர் சங்கம் இன்று பல நகரங்களில் பணிபுரிகிறது. இவை யாவும் பல குடும்பங்களுக்கு எட்டவில்லை.

எனவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை நம் சங்கக் கூடத்தில் இத்தகைய குடும்பங்கள் கூடட்டும். மேடையும் மாலையும் வேண்டா; பாயும் காபியும் போதும். முதியோரோடு தமிழில் உரையாட வல்ல இருவர் முன்வந்தால், அவர்களைப் பேணுவோர் அரைநாள் ஓய்வு பெறுவர். மைசூரில் நம் தம்பி மனைவியார் முதற் கூட்டத்திற்குத் தம் இல்லத்தையே தர இசைந்துள்ளார். நம் ஊரில் யார் தருவார்?