அக்கா பெயரில் ஒரு டிக்கெட்

திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கும் எனக்கும் ஆதார் எண் கொடுத்து எடுத்திருந்தேன். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அந்த டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது, தேதி மாற்றவும் முடியாது. “வீணாப் போக வேணாம், சித்தியைக் கூட்டிட்டுப் போ” என்றார், கட்டிலில் படுத்தபடி.

பெயர் மாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகவெட்டு. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

வேலூரில் விடிகாலை பஸ் ஏறி, சித்தூர் வழியாகத் திருப்பதி. அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். வளைவுகளில் சித்தி கண்ணை மூடிக்கொண்டு கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாள். இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செல்போனை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றோம். சோதனை செய்தவர் தாளை வாங்கி அம்மாவின் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு ஆதார் கேட்டார். சித்தி தன்னுடையதையே நீட்டினார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “இது உங்க டிக்கெட் இல்லம்மா” என்றார் அவர், தமிழில், அதட்டாமல். என்னைப் பார்த்து, “நீங்க போகலாம்.”

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சாதாரண நாளிலேயே 60,000 பேர் வரும் மலை. பெயர் பார்க்காமல் விட்டால் டிக்கெட்டெல்லாம் தரகர்கள் கைக்குப் போய்விடும். சித்தியை அத்தனை பேர் நடுவே தலைகுனிந்து நிற்க வைத்தது நான்தான்.

“நீ போய்ட்டு வா கண்ணு, நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கறேன்.” எனக்கு மனசு வரவில்லை. இருவருமாக இலவச சர்வ தரிசன வரிசையின் வால் எங்கே என்று தேடி நடந்தோம்.

வரிசையில் வருபவர்கள் காத்திருக்கும் வளாகத்தில் 31 கம்பார்ட்மென்ட்கள். ஒன்றில் எங்களை உட்கார வைத்துக் கதவை மூடினார்கள். பால் வந்தது, பிறகு சாம்பார் சாதம். முன்பின் தெரியாத தெலுங்குப் பாட்டி ஒருவர் சித்தியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் விழித்துவிடக் கூடாதென்று சித்தி அசையாமல் இருந்தார். கால் வீங்கி, கணுக்காலில் கொலுசு பதிந்து சிவந்திருந்தது. மொத்தம் 14 மணி நேரம்.

சன்னிதிக்குள் போகும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்ற குரல்களுக்கு நடுவே, “அக்கா எழுந்து நடக்கணும்” என்று சித்தி சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. தனக்கென்று ஏதும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா லட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “என் பேர் சொன்னாங்களா?”

“சத்தமாப் படிச்சாங்கக்கா” என்றார் சித்தி, வீங்கிய காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு.