பிறவிக் குணம்

திருப்பூர் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஆறு குடும்பம், ஒரே தண்ணீர்க் குழாய். எண்பதுகள். பனியன் கம்பெனி வேலைக்குத் தெற்கத்திச் சீமையிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். கடைசி வீட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் வந்தது. மகன் ஓவர்லாக் டைலர், பேரன் கைமடி, டைலருக்கு உதவியாள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவார். கழுத்துப்பட்டியைப் புரட்டி, தொங்கும் நூலைத் தையலை ஒட்டி ஒரே வெட்டு. கத்தரி துணியைத் தொடாது.

ஒரு சனிக்கிழமை, சம்பள நாள், வீட்டு ஓனரம்மாவின் சீட்டுப் பணம் காணாமல் போயிற்று. யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் கடைசி வீட்டைப் பார்த்துத்தான் சத்தம் போட்டார். "பொறப்பே அப்படீங், அவங்களைச் சொல்லி என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் வைதார்.

தாத்தா கத்தரியைக் கீழே வைத்தார். "பொறப்பே அப்படின்னா என்னைய எதுக்குத்தா வையிற? நானா கேட்டு வாங்கிட்டு வந்தேன்? எடுத்ததுதான் குத்தம்னா, எடுத்தத ஆரு பாத்தா, அதச் சொல்லு."

அவர் ரேகைச் சட்டத்தில் வளர்ந்தவர். 1871இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947இல். ஒன்றும் செய்யாமலே, அந்தச் சாதியில் பிறந்த தாத்தாவும் இளவட்டத்தில் விரலில் மை தடவி நின்றிருக்கிறார். பிறவியிலேயே திருடன் என்று எழுதி வைத்த சட்டம், திருடியதற்காகத் தண்டிக்கவும் செய்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

எங்கள் வீட்டில் இதே கணக்கு வேறு மாதிரி ஓடியது. பக்கத்து வீட்டில் இருந்த மாமா, சனிக்கிழமைச் சம்பளத்தை வீடு வந்து சேருமுன் குடித்துத் தீர்ப்பார். அத்தை அழுவாள். "அவன் கொணம் அப்படி, என்ன பண்றது சாமி" என்று அமுச்சி, அம்மாவின் அம்மா, அவருக்குச் சோறு போடுவாள். எங்கள் ஆளுக்கு அது மன்னிப்பு. கடைசி வீட்டுக்குக் குற்றப்பத்திரிகை. குணத்தை யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை என்று இன்றும் நம்புகிறேன். அதற்காக மாமாவைக் கேட்காமல் விட்டதும் நியாயமில்லை. நாலு பேர் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் வெட்கப்பட்டாவது பாதிச் சம்பளத்தை அத்தை கையில் கொடுத்திருப்பார்.

அம்மா மட்டும் மறுநாள் குழாயடியில் ஓனரம்மாவிடம் சொன்னாள்: "பணம் போனது போனதுதானுங். எடுத்தது யாருன்னு தெரியாம ஒரு சனத்தையே சொல்லாதீங்." அடுத்த மாதமே எங்கள் வாடகை ஏறியது. அம்மா ஒன்றும் பேசாமல் எண்ணிக் கொடுத்தாள்.