கப்பலுக்கு முந்திய இரவு

"வீடிருக்க விடுதியில் ஏன் தங்கவேண்டும், மாமா?" என்று சிட்னியிலிருந்து என் மருமகன் தொலைபேசியிற் கேட்டபோது எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. அவன் வீடு அந்நகரின் மேற்குப் புறத்திலே, நம்மவர் பலர் குடியிருக்கும் வென்ற்வேர்த்வில் பகுதியில் இருக்கின்றது. தாயாரும் மாமனும் மாமியும் வருகின்றார்கள் என்று அறைக்குப் புதுத் திரைச்சீலை கூடத் தைப்பித்துவிட்டான். அப்படிப்பட்டவனிடம், "கப்பலேறுவதற்கு முந்திய இரவு துறைமுகத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில் அறை எடுப்போம்" என்று சொன்னால் மனம் நோவானன்றோ? ஆயினும் அந்த ஓரிரவைப் பற்றியும், எந்த மாதத்திற் புறப்படுவது என்பதைப் பற்றியும் எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் விவாதம் நடந்தது. பசிபிக் சமுத்திரத்திற் கழித்த நாட்களோ பன்னிரண்டுதான்.

பிரயாணத்தின் காரணத்தை முதலிற் சொல்லவேண்டும். என் மூத்த தமக்கையாரின் கணவர் எண்பதுகளின் நடுப்பகுதியிற் பிஜித் தீவிலே கணித ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கே மருமகன் கைக்குழந்தையாய் இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டு பத்து நாட் கிடந்தான். அப்போது அத்தான், நாந்தி என்னும் ஊரிலுள்ள முருகன் கோயிலுக்கு வெள்ளி வேல் சாத்துவதாக நேர்ந்தார். 1987 மே மாதத்தில் அந்நாட்டு ஆட்சியை இராணுவத்தினர் கைப்பற்றினர், குடும்பம் அவசரமாக நாடு திரும்பியது, நேர்த்தி நின்றுபோயிற்று. இப்போது அத்தான் இல்லை. வேலொன்றை மாத்திரம் அக்கா செய்வித்து, பட்டுத்துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

அந்த ஊரின் பெயரை உரோம எழுத்தில் 'நாடி' என எழுதுவார்கள். பிஜி மொழியில் அவ்வெழுத்துக்கு முன்னே ஒரு மெல்லினம் தானாக வந்து சேரும்; ஆகையாற் சொல்வது நாந்தி. எம் காதுக்கு நந்தி என்றே கேட்கும். பிஜியின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியதை மாணவர் அறிவர். 1879 இல் தொடங்கிய அந்த ஒப்பந்தக் கூலி முறையில், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் வழிவந்தோருக்காகச் சாது குப்புசுவாமி 1926 இல் நிறுவிய சன்மார்க்க சங்கம் இன்றும் பாடசாலைகளையும் கோயில்களையும் நடத்துகின்றது. நாந்தியிற் கோபுரத்தோடு நிற்கும் இன்றைய பெருங்கோயிலுக்கு 1994 இற் குடமுழுக்கு நடந்தது. அக்கா கண்டது அதற்கு முந்திய பழைய கோயிலை.

சிட்னியிலிருந்து நாந்திக்கு விமானத்தில் நான்கு மணி நேரந்தான். ஆனால் முழங்கால் நோவுள்ள தாயார் விடுதிக்கு விடுதி மாறி அலையாமல், ஒரே கட்டிலில் உறங்கித் தீவுகளையெல்லாம் பார்க்கவேண்டும் என்று மருமகன் விரும்பினான். நூமியா, போட் விலா, சுவா, லௌற்றோக்கா என்று நான்கு துறைகள். லௌற்றோக்காவில் இறங்கினாற் கோயில் அண்மை. தைப்பூசக் காலத்திற் போனால் நேர்த்திக்கும் பொருத்தம். பிள்ளைகளுக்கும் அங்கே கோடை விடுமுறை. அக்காவுக்கு அவன் சொன்னது தேனாக இனித்தது.

நான்தான் குறுக்கே நின்றேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கிற் சூறாவளிக் காலம். தைப்பூசம் அதன் நட்டநடுவில் வருகின்றது.

சூறாவளி என்றால் என்னவென்று நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து எங்கள் வடகரையையும் தாக்கியதும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததும் முதியோர் நினைவில் உள்ளன. கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை சதமளவுக்கு மேல் வெப்பமுற்றிருந்தாற் சூறாவளி பிறப்பதற்கு வேண்டிய உணவு கிடைத்துவிடும். எங்கள் பக்கத்துச் சூறாவளி இடஞ்சுழி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே அதுவே வலஞ்சுழி. வேறுபாடு அவ்வளவே, கூரைகளுக்கு அதனால் ஆறுதல் ஒன்றுமில்லை. 2016 பெப்ரவரி 20 ஆந் திகதி பிஜியைத் தாக்கிய 'வின்ஸ்ரன்' சூறாவளி மணிக்கு 200 கிலோமீற்றரைக் கடந்த வேகத்தில் வீசி 44 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நாந்தி நகரமோ ஆற்றங்கரையில் அமைந்தது. 2009 ஜனவரியிலும், 2012 இல் ஜனவரி, மார்ச் என இருமுறையும் வெள்ளத்தில் மூழ்கியது. இத்தனைக்கும் தென் பசிபிக்கின் பெரும்பகுதிக்குச் சூறாவளி எச்சரிக்கை விடுக்கும் வானிலை நிலையம் அந்த ஊரிலேதான் இருக்கின்றது!

"கப்பலுக்கு ஒன்றும் நேராது, மாமா. புயல் எங்கேயென்று பார்த்து விலகிப் போய்விடும்" என்றான் மருமகன். உண்மைதான். இக்காலக் கப்பல்கள் புயலுக்குள் நுழைவதில்லை. பல நாட்களுக்கு முன்பே அதன் போக்கை அறிந்து வழியை மாற்றிவிடுகின்றன. எனக்குப் பயந் தந்தது அந்த விலகுதலே. பிரயாண ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களை நான் ஒருநாள் மாலை முழுவதும் இருந்து வாசித்தேன். வானிலை காரணமாக எந்தத் துறையையும் தவிர்க்கவும், ஒன்றுக்குப் பதில் வேறொன்றிற் கொண்டுபோய் விடவும் கப்பற் கம்பனிக்கு உரிமை உண்டு. அதற்காகப் பிரயாணி நட்டஈடு கேட்க முடியாது. உல்லாசமாகப் போகிறவனுக்கு ஒரு தீவுக்குப் பதில் இன்னொரு தீவு சரிதான். வேலை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் லௌற்றோக்காவை விட்டால் வேறெங்கே இறங்குவார்?

இதை அக்காவிடம் சொன்னபோது சற்றுநேரம் பேசாதிருந்தார். பின், "அப்போ எந்த மாதம் நல்லது?" என்றார். மே முதல் ஒக்ரோபர் வரை அங்கு உலர்காலம். ஆடிக் கார்த்திகையும் முருகனுக்கு உகந்த நாள்தானே என்றேன். "ஆடி, ஆவணியிலோ? நல்லூர்க் கொடியை விட்டுப்போட்டு நாந்திக்குப் போறதோ, தம்பி?" என்று கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். 2023 இல் நல்லூர்க் கொடியேற்றம் ஓகஸ்ட் பிற்பகுதியில் வந்தது. முற்பகுதியிற் புறப்பட்டாற் கொடி ஏறிச் சில நாட்களுக்குள் திரும்பி விடலாம். அவ்வாறே முடிவாயிற்று. அந்த மார்ச் மாதத்தில், 'ஜூடி', 'கெவின்' என்னும் இரு சூறாவளிகள் சில நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வனுவாத்துத் தீவுகளைத் தாக்கின என்ற செய்தி வந்தபோது, மருமகனும் வாதத்தை நிறுத்திக்கொண்டான். ஆனாற் பிள்ளைகளுக்கு ஓகஸ்டிற் பள்ளிக்கூடம். அவர்களும் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்தக் குறைக்கு நான் பொறுப்பாளி. இன்றும் அதை மறுக்கவில்லை.

உலர்காலம் என்பதையும் சரியாகப் பொருள் கொள்ளவேண்டும். நம் நாட்டில் ஈரவலயம், உலர்வலயம் என்று இரண்டிருப்பதைப் போலவே பிஜியின் பெருந்தீவான வித்தி லேவுவிலும் இரண்டுண்டு. தென்கிழக்கு வியாபாரக் காற்று நேரே வந்து மலையில் மோதும் பக்கத்திற் சுவா. காற்றொதுக்குப் பக்கத்தில் நாந்தியும் லௌற்றோக்காவும். சுவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீற்றர் மழை; நாந்தியில் அதன் மூன்றில் இரண்டு பங்களவே. சுவாவுக்கு உலர்காலம் என்பது மழை சற்றுக் குறைந்த காலமே. இதைப் படம் வரைந்து அக்காவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தமது கறுப்புக் குடையைப் பெட்டியின் அடியில் வைத்தார்.

இனி ஹோட்டல் விவகாரம். கப்பல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே ஏறும் வாயிலை மூடிவிடுவார்கள். தவறவிட்டவர் தம் செலவில் அடுத்த துறைக்குப் பறந்து சென்று ஏறவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கப்பல் புறப்படும் நாளன்று காலையிலேயே சிட்னிக்கு வந்திறங்கத் திட்டமிட்டது. சிங்கப்பூரில் இடிமுழக்கத்தால் விமானம் தாமதித்தது. அவர்கள் துறைமுகத்துக்கு வந்தபோது கப்பலின் பின்புறந்தான் தெரிந்தது. சிட்னிக்கு இன்னொரு விசேடமும் உண்டு. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அங்கு விமானங்கள் ஏறி இறங்கத் தடை. மாலையில் வரவேண்டியது மிகவும் பிந்தினால் வேறு நகரத்திற் போய் இறங்க நேரலாம். 2023 ஜனவரி 27 ஆந் திகதி பெய்த மழையில் நியூசிலாந்தின் ஓக்லாந்து விமான நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இவற்றையெல்லாம் சொல்லி, மூன்று நாள் முந்தியே போவது என்பதில் மருமகனை இணங்கவைத்தேன். அந்த மூன்று நாளில், வழியிலே தங்கிவிட்ட பெட்டியும் வந்து சேர்ந்துவிடும்.

மூன்று நாளும் தன் வீட்டில்தான் என்றான். காலையிற் காரிற் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னான். வென்ற்வேர்த்விலிலிருந்து துறைமுகம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். நடுவழியில் ஒரு விபத்து நேர்ந்தால் வீதி முழுவதும் வாகனங்கள் உறைந்து நிற்கும். ஈற்றில் இரண்டிரவு அவன் வீட்டில், கடைசி இரவு விடுதியில், அந்த இரவில் அவனும் மனைவி மக்களும் எங்களோடு வந்து உண்பது என்று உடன்பாடாயிற்று. வீட்டுக்காரனின் மனமும் நோகவில்லை; என் பயமும் தீர்ந்தது.

விடுதியைத் தெரிவதிலும் ஒரு வழுக்கல் நேர்ந்தது. முகவர் ஒருவர் "துறைமுகத்துக்கு மிக அருகே" என்று ஓர் இடத்தை ஒழுங்குசெய்து தந்தார். சிட்னியிற் பிரயாணிகள் கப்பல் வந்து நிற்கும் இடங்கள் இரண்டு. 1932 இல் திறக்கப்பட்ட பெரும்பாலத்தின் கீழே கப்பலுக்குள்ள உயரம் 49 மீற்றர். அதனுள் நுழைய இயலாத பெருங்கப்பல்கள் பாலத்துக்கு இப்பாலுள்ள சேர்க்குலர் கீயில் நிற்கும்; நுழையக்கூடியவற்றுட் பல அப்பாலுள்ள வைற் பேயிற் கட்டப்படும். முகவர் தந்த விடுதி வைற் பேக்கு அருகே. எங்கள் கப்பலோ சேர்க்குலர் கீயில். நல்லவேளையாக, பணத்தை இழக்காமல் விலக்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு அறையைப் பதிந்திருந்தோம். அந்த நிபந்தனைக்காகச் சிறிது கூடக் கொடுப்பது வீணன்று. பிறகு சேர்க்குலர் கீயை ஒட்டிய றொக்ஸ் என்னும் பழைய பகுதியில் வேறோர் அறை கிடைத்தது. அங்கே சில தெருக்கள் படிகளாகவே ஏறுகின்றன. மின்தூக்கி உண்டா, வாயிலிலிருந்து தெருவுக்கு எத்தனை படி என்று எழுதிக் கேட்டேன். "அறையிற் கடல் தெரியுமா என்றல்லவோ எல்லாரும் கேட்பார்கள்" என்று மனைவி சிரித்தாள்.

பசிபிக்கில் இன்னொரு பொறியும் இருக்கின்றது. ஓக்லாந்திற் குடியிருக்கும் நண்பர் ஒருவர், தஹிற்றித் தீவிற் கப்பலேறுவதற்காகத் திங்கட்கிழமை பிற்பகலில் விமானமேறினார். திகதிக் கோட்டைக் கடந்து போய் இறங்கியபோது அங்கே ஞாயிறு இரவு! அறை திங்களிரவிலிருந்துதான் பதியப்பட்டிருந்தது. நள்ளிரவிற் பெட்டிகளோடு நின்று அவர் தம் கல்வியையெல்லாம் நொந்துகொண்டாராம். எங்கள் வழி திகதிக் கோட்டைத் தொடாததால் அந்தத் தொல்லை எமக்கில்லை.

விடுதியில் அன்றிரவு அக்கா நன்றாக உறங்கினார், நான் உறங்கவில்லை. சிட்னியில் அது குளிர்காலம். விடியுமுன் எழுந்து சன்னலைத் திறந்தபோது, எதிரேயிருந்த வீட்டுக் கூரைகளுக்கு மேலாக ஒரு வெள்ளைச் சுவர் விளக்குகளோடு மெல்ல நகர்ந்து வந்தது. அதுதான் எங்கள் கப்பல் என்று உணரச் சிறிது நேரம் பிடித்தது. அக்காவை எழுப்பினேன். அவர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வந்து பார்த்து, "அத்தான் இருந்தால் எத்தனை தட்டு என்று எண்ணியிருப்பார்" என்றார். நாங்கள் எண்ணினோம். பதினொன்றோ பன்னிரண்டோ என்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை.

நூமியாவுக்கு இரண்டு நாட் கடல். முதலிரவு அலை அதிகம். என் மனைவி உணவைத் தொடவில்லை. சுவாவிற் காலை முதல் மாலை வரை மழை கொட்டியது. அக்கா பெட்டியின் அடியிலிருந்து குடையை எடுத்து விரித்து, "இதுதானோ தம்பி, உன்ரை உலர்காலம்?" என்றார். படம் வரைந்து விளக்கியதை நினைவூட்டினேன். கேட்கவில்லை.

மறுநாள் லௌற்றோக்காவில் மேகமே இல்லை. கோயிலில் வேலை வாங்கிய குருக்கள் யார் பெயருக்கு அருச்சனை என்று கேட்டார். அக்கா மருமகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அத்தானின் பெயரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். திரும்பிக் கப்பலேறிய பிறகுதான் குடையைக் கோயில் வாசலில் மறந்து விட்டது தெரிந்தது. நான் வருந்தியபோது, "கிடக்கட்டும். தைப்பூசத்துக்கு அங்கே மழைதானே" என்றார்.