அதே சைஸ், அதே கலர்

கொளத்தூர். ஞாயிறு காலை. சாலையோரம் ஸ்கூட்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கடை வாசலில் குறுக்கே கயிறு. கயிறு முழுக்கப் பாலிதீன் பைகள். ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் தண்ணீர், நிறையக் காற்று, உள்ளே மீன்.

கடைக்காரர் பையின் வாயைத் திருகி ரப்பர் பேண்டை நான்கு சுற்றுச் சுற்றுகிறார். கண் பையில் இல்லை. அடுத்து நிற்பவரின் மேல் இருக்கிறது.

"எவ்ளோ நாள் இருக்கும்ணே?"

"நல்லாப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா இருக்கும் சார்."

அடுத்தவர் வருகிறார். அதே கேள்வி, அதே பதில். பதில் சொல்லும்போது கை நிற்பதில்லை. கேட்காமல் போகிறவருக்கும் அந்தப் பதில் கிடைத்துவிடுகிறது.

பைகள் புறப்படுகின்றன. கப்பி போகும் பையில் 2 வருடம் போகிறது. மோலி பையில் 3, 4. ஏஞ்சல் 10 வரை வரும். ஆஸ்கர் அதைத் தாண்டும். கோல்டு பிஷ் 15, இடமும் தண்ணீரும் சரியாக அமைந்தால் 20. கோய் கெண்டை வீட்டுக் கடன் அடைந்து முடியும்வரை நீந்தும். ஹேண்டில்பாரில் மாட்டிய ஒரு பை வேகத்தடையில் துள்ளுகிறது. உள்ளே நான்கு கோல்டு பிஷ். மொத்தம் 60 வருடம். விலை 120 ரூபாய்.

பக்கத்துக் கடை. பலகையில் வரிசையாகக் குவார்ட்டர் பாட்டில்கள். கழுவியவைதான், சிலவற்றில் லேபிளின் ஓரம் இன்னும் போகவில்லை. பாட்டிலுக்கு ஒரு பைட்டர். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டை. கடைப் பையன் அட்டையைத் தூக்குகிறான். இரண்டு பக்கமும் செவுள் புடைக்கிறது, வால் விரிகிறது. போனில் படம் எடுக்கிறார்கள். அட்டை இறங்குகிறது. அடுத்த ஆள் வருகிறார். அட்டை ஏறுகிறது.

பைட்டர் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக் கீழே போகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே. காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு அதற்கு இருக்கிறது. அழுக்குத் தண்ணீரிலும் உடனே சாகாது. "இதுக்கு மோட்டார் வேணாம், பில்டர் வேணாம், ஒண்ணுமே வேணாம்" என்கிறான் பையன். பைட்டரின் ஆயுள் 2, 3 வருடம். வாலும் நிறமும் தேறிக் கடைக்கு வருவதற்குள் அதில் சில மாதம் போயிருக்கும்.

அயனாவரம். மூன்றாவது மாடி. பிரிட்ஜ் மேல் கண்ணாடிக் கிண்ணம். பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் தண்ணீர் லேசாக நடுங்குகிறது. உள்ளே கோல்டு பிஷ் இரண்டு. ஒன்று முழு ஆரஞ்சு. இன்னொன்றுக்கு வயிறு வெள்ளை.

காலை ஏழரை. யூனிபார்மோடு சிறுமி ஸ்டூலில் ஏறுகிறாள். ஒரு சிட்டிகை தீனி. பதினொன்றரை. சீரியலில் விளம்பரம் வருகிறது. பாட்டி எழுந்து வருகிறார். ஒரு சிட்டிகை. இரவு ஒன்பது. அப்பா ஒரு கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மறு கையால் டப்பாவைத் தட்டுகிறார். சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடவே விழுகிறது. மூன்று வேளையும் மீன்கள் ஓடி வருகின்றன. ஏற்கெனவே போட்டாச்சா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

மீதித் தீனி நீலக் கூழாங்கற்களுக்குள் இறங்கி ஊறுகிறது. நான்காம் நாள் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி இருக்கிறது. மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

"பசிக்குது பாரு" என்கிறார் பாட்டி. இன்னொரு சிட்டிகை.

ஞாயிறு. அம்மா கிண்ணத்தைப் பாத்ரூமுக்குத் தூக்கிப் போகிறார். பழைய தண்ணீர் முழுவதும் போகிறது. கூழாங்கற்கள் பாத்திரம் தேய்க்கும் பவுடரில் குளிக்கின்றன. கிண்ணத்துக்கும் அதே பவுடர். குழாயைத் திறந்ததும் குளோரின் வாடையோடு புதுத் தண்ணீர். கிண்ணம் பளபளவென்று பிரிட்ஜ் மேல் ஏறுகிறது. வீடே வந்து பார்க்கிறது.

திங்கள் காலை வெள்ளை வயிறு மேலே தெரிகிறது.

"நம்ம வீட்டுக்கு வந்த கண்ணெல்லாம் அது வாங்கிக்கிச்சு" என்கிறார் பாட்டி. அப்பா தலையாட்டுகிறார். போன வாரம் அவர் பைக்கை ஆட்டோ ஒன்று உரசிவிட்டுப் போனது. கணக்கு சரியாக வருகிறது. தீனி டப்பா பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. சிறுமி வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா கிண்ணத்தின் மேல் துண்டைப் போடுகிறார்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கொளத்தூரில் கூட்டமில்லை. அம்மா போனை நீட்டுகிறார். படத்தில் சிறுமி தெளிவாக இருக்கிறாள். மீன் மங்கலாக இருக்கிறது.

"அதே சைஸ், அதே கலர் வேணும்ணே. மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுரும்."

கடைக்காரர் ஏன் என்று கேட்பதில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்குகிறார். "வெள்ளை வயித்தோட நின்னுச்சா, வாலுக்கும் போச்சாக்கா?" வலை இறங்குகிறது. மூன்று மீன்கள் மேலே வந்து கீழே போகின்றன. நான்காவது பைக்குள் போகிறது. ரப்பர் பேண்ட், நான்கு சுற்று.

"எவ்ளோ நாள்..." என்று தொடங்கிய அம்மா பர்ஸைத் திறக்கிறார்.

பெரம்பூர். மே மாதம், இரவு இரண்டு மணி. கரண்ட் போய்விட்டது. ஏர் பம்பின் உறுமல் நின்றதும் பனியனோடு ஒருவர் எழுந்து வருகிறார். தொட்டி மூடியைக் கழற்றுகிறார். மக்கில் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, திரும்ப ஊற்றுகிறார். மொள்கிறார். ஊற்றுகிறார். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். போன் டார்ச் வெளிச்சத்தில் ஏஞ்சல்கள் ஒரு மூலையில் ஒதுங்குகின்றன. உள்ளேயிருந்து ஒரு குரல்: "புள்ளைக்கு வேர்க்குது, அந்த விசிறியக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க." மக் ஒரு நொடி நிற்கிறது. மறுபடி மொள்கிறது.

கொளத்தூர்க் கடையின் பின்பக்கம் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் திரும்பி வந்த மீன்கள். 2 அங்குலமாக வாங்கிப் போன ஆஸ்கர் 1 அடியாக வந்திருக்கிறது. செத்துப்போகாத மீன்களின் இடம் இது. வீடு மாறியவர்கள், பெங்களூரில் வேலை கிடைத்தவர்கள், தொட்டி இருந்த மூலையில் தொட்டில் போட்டவர்கள் கொண்டுவந்து விடுகிறார்கள். இன்று ஒருவர் பக்கெட்டோடு நிற்கிறார். மீனுக்குக் காசு வேண்டாம் என்கிறார். பக்கெட்டை மட்டும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

சக்கர் பிஷ்ஷை இங்கேயும் எடுப்பதில்லை. பாசியைத் தின்னும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்றது. முழங்கை நீளத்துக்கு வளர்ந்த பிறகு அதைத் தொட ஆளில்லை. கொல்லவும் மனம் வராது. ஏரி பக்கத்திலேயே இருக்கிறது.

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை இழுக்கிறார்கள். கெண்டைக்கு நடுவே கறுப்பாக, உடம்பெல்லாம் கெட்டி ஓடும் முள்ளுமாகச் சக்கர். தென் அமெரிக்க ஆறுகளில் பிறந்த இனம். முள் சிக்கி வலை கிழிகிறது. வலைக்காரர் அதைப் பிடுங்கிக் கரையில் வீசுகிறார். பிறகு உட்கார்ந்து நரம்பும் ஊசியும் எடுக்கிறார். வளர்த்தவரிடம் இருந்தபோது அது ஒற்றை மீன். ஏரிக்கு வந்த பிறகு குடும்பம் ஆகியிருக்கிறது.

இங்கிலாந்து, 1956. திருவிழாக் கடையில் ஒரு சிறுவன் விளையாடி ஜெயிக்கிறான். பரிசு ஒரு கோல்டு பிஷ். டிஷ் என்று பெயர். சிறுவன் வளர்ந்து வீட்டைவிட்டுப் போகிறான். மீன் அவன் பெற்றோரிடமே தங்கிவிடுகிறது. ஆரஞ்சு நிறம் வெளுத்து வெள்ளியாகிறது. 1999-ல் அது சாகும்போது வயது 43. கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைக்கிறது.

சிகாகோ, ஷெட் அக்வேரியம். 1933-ல் உலகக் கண்காட்சியை ஒட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நுரையீரல் மீன் வந்து இறங்குகிறது. பிறகு அது கிராண்ட்டாட் ஆகிறது, அதாவது தாத்தா. பெரும்பாலும் அடியில் அசையாமல் கிடக்கும். தீனி போட்டவர்கள் ஓய்வுபெற்றுப் போகிறார்கள். அது 2017 வரை கிடக்கிறது.

வில்லிவாக்கம். ஒரு பல் ஆஸ்பத்திரி. கன்னத்தில் கைவைத்த ஐந்து பேர் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு கோல்டு பிஷ், உள்ளங்கை அளவு. அதுவும் வந்து அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

வியாழக்கிழமை. உதவியாளர் கதவோரம் இருக்கும் நீல டிரம்மின் மூடியைத் திறக்கிறார். நேற்றே பிடித்துவைத்த தண்ணீர். டியூபைத் தொட்டிக்குள் விட்டு, வாயால் ஒரு இழுப்பு இழுத்துப் பக்கெட்டில் விடுகிறார். கால்வாசி இறங்கியதும் டியூபை மடக்கிப் பிடிக்கிறார். கூழாங்கல் எதையும் கழுவுவதில்லை. பில்டர் பஞ்சைப் பக்கெட்டில் இருக்கும் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிகிறார். பஞ்சு பழுப்பாகவே இருக்கிறது. அப்படியே திரும்ப மாட்டுகிறார். டிரம் தண்ணீர் உள்ளே போகிறது.

தீனி டப்பா மேசை டிராயரில், பூட்டுக்குள்.

"இதுக்கு எதுக்குங்க பூட்டு?" என்கிறார் பல்வலிக்காரர் ஒருவர்.

"வர்றவங்க எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போடுறாங்க சார்."

"எத்தன வருஷமா இருக்கு?"

"டாக்டர் பொண்ண எல்கேஜி சேர்த்தப்ப வாங்கினது. அது இப்ப காலேஜ் போகுது."

உதவியாளர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்.

பில்டர் பஞ்சின் அந்தப் பழுப்பில் பாக்டீரியா இருக்கிறது. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவை அது நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. அம்மோனியா கொல்லும்; நைட்ரேட் அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா படிய 4 முதல் 6 வாரம் ஆகும். கடைகளில் தொட்டியையும் மீனையும் ஒரே பில்லில் போடுகிறார்கள்.